ஒரு வில்லும் ஒரு நூலகமும்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட்டின் ‘எர்த் அபைட்ஸ்’ நாவலை மூடிவைத்த கையோடு எழுதியிருக்கிறாய் என்பது எழுத்தின் வேகத்திலேயே தெரிகிறது. “மனிதர்கள் சேர்த்துவைத்த அத்தனை அறிவும் ஒரே தலைமுறையில் மறந்துபோகும் என்றால், நான் எதற்குப் பெரியம்மா இந்த நீர்வளப் பொறியியலை விழுந்து விழுந்து படிக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறாய். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்காமல் தள்ளிப்போடுகிறாய் என்று உன் அம்மாவும் போனில் சொன்னாள். ஒரு நாவல் உன்னை இந்த அளவுக்கு உலுக்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த நாவல் உனக்குச் சொன்னது இவ்வளவுதானா என்பதை மட்டும் நாம் சேர்ந்து பார்த்துவிடுவோம்.

ஸ்டூவர்ட் 1895இல் பிறந்தவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். ஒரு புயலையே கதையின் நாயகியாக்கி 1941இல் ‘ஸ்டார்ம்’ எழுதினார். அமெரிக்க ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன என்று 1945இல் ஒரு நூல் எழுதினார். காட்டுத்தீயை வைத்து 1948இல் ‘ஃபயர்’. மறு ஆண்டு வந்ததுதான் ‘எர்த் அபைட்ஸ்’. மனிதரைவிட மனிதர் நிற்கும் நிலத்தைக் கூர்ந்து பார்த்த எழுத்தாளர் அவர். தலைப்பைக்கூட விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து எடுத்தார். வைரஸ் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற வெண்டல் ஸ்டான்லியின் எச்சரிக்கை ஒன்றை நாவலின் முகப்பில் வைத்தார். கொடிய வைரஸ் ஒன்று திடீரென்று தோன்றினால், இன்றைய விரைவுப் பயணங்கள் அதை உலகின் மூலைமுடுக்குக்கெல்லாம் கொண்டுபோய்விடும் என்பது அதன் சாரம். கொரோனாக் காலத்தை வீட்டுக்குள் அடைபட்டுக் கடந்த உனக்கு அது கற்பனையாகத் தோன்றியிருக்காது.

கதை உனக்குத் தெரியும். இஷ் என்கிற ஆராய்ச்சி மாணவன் மலையில் தனியாக இருக்கும்போது பாம்பு கடிக்கிறது. காய்ச்சலில் கிடந்து பிழைத்துக் கீழே இறங்கி வந்தால், உலகத்தில் ஏறக்குறைய யாரும் இல்லை. இந்த இடத்தில் வேறொரு எழுத்தாளர் பிணக்குவியலைக் காட்டியிருப்பார். ஸ்டூவர்ட் அதைத் தாண்டிப் போகிறார். எறும்புகள் பெருகி ஊரையே மூடுவதும் பின்பு அடியோடு குறைவதும், எலிகள் பெருகிப் பட்டினியில் ஒன்றையொன்று தின்பதும்தான் அவர் கவனிக்கும் நிகழ்ச்சிகள். ஆளில்லாத தெருக்களில் விளக்குகள் மட்டும் பல நாள் எரிகின்றன. பின்பு ஒருநாள் மஞ்சளித்து மங்கி அணைகின்றன. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் நாம் கட்டிய ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று பொறுமையாகக் கணக்குப் பார்க்கும் நாவல் அது.

உன் மனத்தை முறித்தது எது என்று எனக்குத் தெரியும். இஷ் பெர்க்லியில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்க்கிறான். குழந்தைகள் பிறக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளி நடத்துகிறான். எழுத்தும் எண்ணும் அவர்கள் மனத்தில் ஒட்டவே இல்லை. அவன் மகன் ஜோயி ஒருவனுக்குத்தான் படிப்பில் தாகம். இஷ் தன் நம்பிக்கை முழுவதையும் அவன்மேல் வைக்கிறான். டைபாய்டு வருகிறது, ஜோயி இறந்துபோகிறான். இஷ் பள்ளியை மூடிவிடுகிறான். அருகிலேயே பல்கலைக்கழக நூலகம் லட்சக்கணக்கான புத்தகங்களோடு நிற்கிறது. அதைத் திறந்து படிக்க இனி யாரும் வரப்போவதில்லை. இதைப் படித்துவிட்டு அறிவு தோற்றுவிட்டது என்று நீ முடிவு கட்டியதில் வியப்பில்லை. அந்த இழப்பு உண்மையானது. அதைச் சிறிதாக்கிக் காட்டி உனக்கு ஆறுதல் சொல்ல நான் எழுதவில்லை.

ஆனால் நீர்வளம் படிக்கும் நீ, அந்தக் கதையின் தண்ணீர்க் குழாயை ஒருமுறை திரும்பிப் பார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வருகிறது. திறந்தால் வருகிறது, மூடினால் நிற்கிறது. அது எங்கிருந்து வருகிறது, எந்தக் குழாய் வழியாக வருகிறது, எந்த இடத்தில் துருப்பிடித்திருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. இஷ்ஷுக்கு மட்டும் அவ்வப்போது உறுத்துகிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான், மற்றவர்களிடமும் சொல்கிறான். அன்றைய பொழுது இனிமையாக இருப்பதால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒருநாள் தண்ணீர் நின்றுபோகிறது. அதற்குப் பிறகுதான் கிணறு தோண்டுகிறார்கள், கழிப்பிடம் வெட்டுகிறார்கள்.

நிஜமான பெர்க்லிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கலாம். சியரா நெவாடா மலைத்தொடரில் பிறக்கும் மொகலம்னி ஆற்றைப் பார்டீ அணையில் தேக்கி, ஏறக்குறைய 90 மைல் தூரம் குழாயில் கொண்டுவருகிறார்கள். அந்த அணை 1929இல் கட்டி முடிந்தது. ஸ்டூவர்ட்டின் நாவல் வெளிவந்தபோது அதற்கு 20 வயதுதான். தன் வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த 90 மைலும் அவருக்கு நினைவில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு நாவலாசிரியருக்குக் குழாய்மேல் இவ்வளவு கவனம் வராது.

அந்த மக்களிடம் அறிவு இல்லாமல் போகவில்லை, மகளே. நூலகம் இருந்தது, இஷ் இருந்தான், கருவிகள் கடைகளில் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இருபது ஆண்டுகள் கையில் இருந்தன. தண்ணீர் தானாக வருகிற காலம்தான் அது எப்படி வருகிறது என்று கற்றுக்கொள்ள வேண்டிய காலம். நின்ற பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் நேரம் இருக்கும்.

இதை நீ வேறொரு நாட்டுக் கற்பனையாகப் பார்க்க முடியாது. 2019 ஜூனில் சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். மழை பெய்தது, ஏரிகள் நிறைந்தன, ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. நாம் இப்போது வாழ்வது இஷ்ஷின் அந்த இருபது ஆண்டுகளுக்குள்தான். முடிவு வந்துவிட்டதைப்போல நீ சோர்ந்துபோயிருக்கிறாய். முடிவு வரவில்லை. குழாயில் தண்ணீர் இருக்கிறது. போய்ப் பார்க்க ஆள் வேண்டும். உன் படிப்பு எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

அடுத்து நூலகம். அந்த நூலகத்தின்மேல் இஷ்ஷுக்கு இருந்தது பக்தி. குழந்தைகளுக்கும் அந்தக் கட்டடத்தின்மேல் அச்சம் கலந்த மரியாதையைத்தான் ஊட்டுகிறான். யாரும் நுழையக் கூடாத கருவறை ஆகிவிடுகிறது அது. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துவந்து, ‘இதில் மீன் பிடிக்க ஒரு வழி சொல்லியிருக்கிறது, வாருங்கள் செய்து பார்க்கலாம்’ என்று அவன் அவர்களை அழைத்திருக்கலாம். கிணறு வெட்டும்போது எழுத்தைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அறிவைத் தனி அறையில் வைத்துப் பூட்டினான், வாழ்க்கை வெளியே நடந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர வேண்டியதை ஒரு மெலிந்த சிறுவனின் தலையில் சுமத்தினான். அந்தச் சிறுவன் போனதும் எல்லாம் போயிற்று. ஜோயியின் மரணம் எனக்கும் தாங்க முடியாத பகுதிதான். ஆனால் ஒரு குழந்தை இறந்தால் முழுவதும் அழிந்துபோகும் அளவுக்கு ஓர் அறிவை ஒற்றை இழையில் தொங்கவிட்டது யார்?

இனி வில்லுக்கு வருகிறேன். பள்ளியை மூடிய பிறகு இஷ் ஒரு வில் செய்து குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கிறான். பாடம் என்ற பேச்சே அதில் இல்லை. குழந்தைகள் விடவில்லை. தாங்களும் செய்கிறார்கள், எய்து பார்க்கிறார்கள், போட்டி வைக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து, துப்பாக்கித் தோட்டாக்கள் வெடிக்காமல் போன காலத்தில், இஷ்ஷின் கொள்ளுப்பேரன்கள் வில்லோடுதான் வேட்டைக்குப் போகிறார்கள். பழைய நாணயங்களைத் தட்டி அம்பு முனை செய்கிறார்கள். எந்த நிறக் காசு எந்த விலங்குக்கு ஏற்றது என்று அவர்களிடம் ஒரு நம்பிக்கைகூட வளர்ந்திருக்கிறது. கிழவனான இஷ் அதைக் கேட்டுத் திகைக்கிறான். அவன் தந்த தொழில் பிழைத்தது, கூடவே அவன் தராத மூடநம்பிக்கையும் முளைத்தது. ஸ்டூவர்ட் நேர்மையான எழுத்தாளர். கைமாறிப் போகும் அறிவு அப்படியே போவதில்லை, கொஞ்சம் உருமாறித்தான் போகிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

நீ கடிதத்தில் குறிப்பிடாத இரண்டு இடங்களையும் சொல்ல வேண்டும். நாவலின் தொடக்கத்தில் இஷ் காரை எடுத்துக்கொண்டு நாட்டைக் குறுக்காகக் கடந்து நியூயார்க் வரை போகிறான். வழியில் ஆர்கன்சாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தைப் பார்க்கிறான். ஓர் ஆண், கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண், ஒரு சிறுவன். நோய்க்கு முன் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள். கோழி வளர்க்கிறார்கள், சோளம் விதைத்திருக்கிறார்கள், வாங்க ஆளில்லாவிட்டாலும் பருத்திகூடப் போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஓர் ஆணும் பெண்ணும் அடுக்குமாடி வீட்டில் மது அருந்திச் சீட்டாடிப் பொழுதைக் கழிக்கிறார்கள். நல்லவர்கள், அன்பாக உபசரிக்கிறார்கள். வரப்போகும் குளிர்காலத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு நினைப்பும் இல்லை. அவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள் என்று இஷ்ஷுக்குப் புரிகிறது. யார் அதிகம் படித்தவர் என்பது இங்கே தீர்மானிக்கவில்லை. அடுத்த பருவத்துக்காக யார் விதைத்தார் என்பதுதான் தீர்மானித்தது. எதிர்காலத்தைப் பற்றிய கவலை வேறு, எதிர்காலத்துக்காகச் செய்யும் வேலை வேறு. உன் கடிதத்தில் கவலை நிறைய இருக்கிறது. வேலையும் இருந்தால் அந்தக் கவலை உன்னைத் தின்னாது.

எம் என்ற பெண்ணையும் மறந்துவிடாதே. இஷ்ஷின் துணைவி. தன் உடலில் கறுப்பின ரத்தம் ஓடுகிறது என்று அவள் சொல்லும் காட்சியை 1949இல் எழுதுவதற்குத் துணிவு வேண்டும். வெள்ளையர்களும் கறுப்பர்களும் மணந்துகொள்வதைத் தடுத்த சட்டத்தைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நீக்கியது அதற்கு முந்தைய ஆண்டில்தான். இஷ் பிரசவத்துக்குப் பயந்து மருத்துவ நூல்களைப் புரட்டும்போது எம் பயப்படவில்லை. பிள்ளை பெறுவது என்றால் உலகத்தை இன்னொரு முறை நம்புவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இஷ் அந்த மக்களின் மூளை என்றால், அவர்களின் துணிச்சல் எம்மிடமிருந்து வந்தது.

ஓரிடத்தில் எனக்கு இந்த நாவலோடு உடன்பாடு இல்லை. வெளியிலிருந்து வரும் சார்லி என்பவனை, அவன் இனி செய்யக்கூடிய தீங்கை எண்ணி, கூடி வாக்களித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஸ்டூவர்ட் அதைத் தவிர்க்க முடியாத முடிவாகக் காட்டுகிறார். நான் அப்படி ஏற்கவில்லை. அச்சத்தில் எடுத்த முடிவுக்குச் சட்டம் என்று பெயர் வைத்த நாள் அது. மனவளர்ச்சி குன்றிய ஈவி என்ற பெண்ணைப் பற்றி அவர்கள் பேசும் விதமும் என்னை வருத்துகிறது. உலகம் இடிந்த பிறகு யார் மனிதர், யார் சுமை என்று தரம் பிரிக்கும் கதைகளை எப்போதும் எச்சரிக்கையோடு படி. வெள்ளம் வந்தாலும் தொற்று வந்தாலும் அந்தப் பேச்சு முதலில் எளியவர்கள்மேல்தான் விழும்.

இனி நான் சொல்லப்போவது கதை இல்லை, நடந்தது. உலகம் அழிந்த பிறகு என்ன ஆகும் என்று ஸ்டூவர்ட் கற்பனை செய்த அதே மண்ணில், அவர் எழுதுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகங்கள் அழிந்திருந்தன. 1848இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டபோது கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் சுமார் 1,50,000 பேர் இருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1870 வாக்கில் சுமார் 30,000 பேர்தான் மிஞ்சினார்கள். நோயும் பட்டினியும் கொன்றன, துப்பாக்கிகளும் கொன்றன. யாஹி என்ற மக்கள் கூட்டம் வேட்டையாடப்பட்டுக் கடைசியில் ஒரு கைப்பிடிப் பேராகச் சுருங்கி, ஏறக்குறைய 40 ஆண்டுகள் மலைப்பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தது. 1911 ஆகஸ்டில் ஓரோவில் என்ற ஊரில், தன் இனத்தில் தனி ஒருவராக எஞ்சிய மனிதர் வெளியே வந்தார். மானுடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர் அவரை இஷி என்று அழைத்தார். க்ரோபர், ஸ்டூவர்ட் பின்னாளில் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். நாவலின் நாயகன் பெயரைக் கேட்டதும் பல வாசகர்களுக்கு அவர் நினைவு வருவது இயல்புதான்.

இஷி சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்திலேயே தங்கினார். வருகிறவர்கள் முன் உட்கார்ந்து கல்லிலும் உடைந்த பாட்டில் கண்ணாடியிலும் அம்பு முனை செதுக்கிக் காட்டினார். பக்கத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார். இஷி அவருக்கு வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து காட்டுக்குப் போனார்கள். 1916இல் இஷி காசநோயில் இறந்தார். 1923இல் போப் வில் வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் வில்வித்தை மறுபடி தழைத்ததற்குக் காரணமானவர்களில் ஒருவராகப் போப்பை இன்றும் சொல்கிறார்கள்.

இதை நான் இனிமையான கதையாகச் சொல்லவில்லை. யாஹி மக்களின் மொழியும் பாட்டும் குடும்பங்களும் போய்விட்டன. ஒரு வில் அவற்றுக்கு ஈடாகாது. நான் சொல்ல வந்தது வேறு. தன் உலகம் முழுவதும் போன பிறகும் அந்த மனிதர் கையில் மிஞ்சியதைப் பூட்டிவைக்கவில்லை. தகுதியான வாரிசு தன் இனத்தில் இல்லையே என்று ஒதுங்கவும் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். நாவலில் இஷ் கடைசியில் தடுமாறிக் கண்டுபிடித்ததை இஷி இயல்பாகச் செய்தார்.

அடுத்து இரண்டு நூல்கள் படி. ஆல்ஃபிரட்டின் மனைவி தியடோரா க்ரோபர் 1961இல் எழுதிய ‘இஷி இன் டூ வேர்ல்ட்ஸ்’ ஒன்று. அவர்கள் மகள் உர்சுலா லெ குவின் 1985இல் எழுதிய ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’ இன்னொன்று. தொலைதூர எதிர்காலத்தில் வட கலிபோர்னியாவில் வாழும் ஒரு மக்களின் பாடல்கள், சடங்குகள், சமையல் எல்லாம் அதில் உண்டு. அழிவுக்குப் பின்னும் மனிதர்கள் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு நன்றாக வாழ முடியும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். ஸ்டூவர்ட்டோடு அவரையும் சேர்த்துப் படித்தால்தான் உன் சிந்தனை ஒரு பக்கமாகச் சாயாது.

உன் கேள்விக்கு என் பதிலைச் சுருக்கிச் சொல்கிறேன். அறிவு புத்தகத்தில் இருப்பதால் மட்டும் பிழைப்பதில்லை. பட்டம் வாங்கியவர் தலையில் இருப்பதாலும் பிழைப்பதில்லை. பயன்படும் இடத்தில், பலர் கைக்குப் போய்ச் சேர்வதால் பிழைக்கிறது. ஆகவே மேற்படிப்புக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடு. ஆழமாகப் படி. நீ படிப்பதில் ஏதாவது ஒரு பகுதியையாவது, கணக்குத் தெரியாத ஒருவரும் கையால் செய்து பார்க்கும் அளவுக்கு எளிமையாக்கு. அதற்கு நீ இன்னும் கூடுதலாகத்தான் படிக்க வேண்டியிருக்கும். உன் தெருவுக்குத் தண்ணீர் வரும் வழியை ஒருமுறை நடந்து பார். நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவரிடம் பேசு. அந்தக் குழாயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உன் பாடநூலில் இருக்காது. ஓய்வுபெற்று அவர் போவதற்குள் அது உன் கைக்கு வர வேண்டும்.

இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வா. நம் தோட்டத்துக் கிணற்றில் நீர்மட்டத்தை யாரும் அளந்து வைத்ததில்லை. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி இறக்கினால் போதும், ஆழம் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை அளந்து சுவரில் எழுதிவைக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடு. அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருக்கட்டும். நாலு வருடம் கழித்து அந்தச் சுவரைப் பார்த்தால் எந்த மாதத்தில் தண்ணீர் இறங்குகிறது என்று ஊருக்கே தெரியும். உன் தம்பி கெட்டிக்காரன், ஒரே நாளில் பிடித்துக்கொள்வான். அவனில் தொடங்கு. ஆனால் அவனோடு நிறுத்திவிடாதே, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூப்பிடு.

அன்புடன்,
உன் பெரியம்மா